லவ் பேர்ட்ஸ் வாங்கியவர்கள் வாங்க, உங்கள் கதையைச் சொல்லுங்க

அம்பத்தூர்க்காரன்:
மகளுக்குப் பேசும் கிளி வேண்டுமாம். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது தெரியாமலே பாதி வீடுகளில் வளர்க்கிறார்கள். சரி என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டதும் ஒரு ஜோடியைப் பிடித்துக் கொடுத்தார் கடைக்காரர். 500 ரூபாய். கூண்டுதான் 1,200! பிறகுதான் தெரிந்தது, அவை லவ் பேர்ட்ஸே இல்லை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜி என்ற சின்னக் கிளி. நிஜமான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவை, விலையும் கூடுதல், கடியும் கூடுதல்.

ஜோடி ஜோடியாகவே இருந்தது. ஆறு மாதமாகியும் கையை நீட்டினால் மூலைக்கு ஓடும். அதற்கு இது இருக்கிறது, இதற்கு அது இருக்கிறது, நாம் எதற்கு? மகளுக்கு அலுத்துப்போய்விட்டது.

அடுத்த தடவை தனியாக ஒரு பட்ஜிக் குஞ்சு கேட்டேன். "தனியா வச்சா செத்துரும் சார்" என்றார். அம்மா நாள் முழுக்க வீட்டில் இருப்பார் என்று தைரியமாக வாங்கினேன். நெற்றியில் அலகு வரைக்கும் கறுப்புக் கோடு இருந்தால் இளசு. மூன்று நாலு மாதத்தில் முதல் இறகு உதிரும்போது அந்தக் கோடு போய்விடும். இதைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

முதல் வாரம் தொடவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்ததோடு சரி. அப்புறம் தினைக்கதிரைக் கம்பி வழியாக நீட்டினோம். பதினோராவது நாள் கதிரைக் கொத்திக்கொண்டே மகளின் விரலில் ஏறிவிட்டது. முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், நான்கும் வெதுவெதுப்பாகச் சுற்றிப் பிடித்தன. மொத்தமே முப்பது கிராம் சொச்சம், ஓர் எலுமிச்சம்பழம் இதைவிடக் கனக்கும். அவள் மூச்சு விடாமல் நின்றாள்.

கோவை வாசகி:
எங்கள் வீட்டில் காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளி. கொண்டையைப் பார்த்தே மூட் தெரியும்: பயந்தால் செங்குத்தாக நிற்கும், கோபமென்றால் தலையோடு ஒட்டிக்கொள்ளும். பட்ஜியைவிடச் சீக்கிரம் மடியில் வந்து உட்காரும். ஆனால் அண்ணா, இறகிலிருந்து வெள்ளைப் பவுடர் கொட்டிக்கொண்டே இருக்கும். மாமியாருக்கு வீசிங், வாங்கும் முன் யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, கும்மிருட்டில் பல்லி ஓடினாலும் மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். ஒருநாள் காலையில் தட்டெல்லாம் ரத்தத் துளி. அன்றிலிருந்து ஜீரோ வாட் பல்பு எரிகிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் வாழும் என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

நெல்லை:
தொட வேண்டாம், பார்த்தால் போதும் என்றால் ஃபின்ச் என்ற குட்டிக் குருவி. பீப் பீப் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். எந்தப் பறவையானாலும் கடல் நுரை (கணவாயின் ஓடு) ஒரு துண்டு தொங்கவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு. கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகையில் நிமிஷத்தில் செத்துவிடும். எனக்கு இரண்டு போயிற்று, நானே செய்த தப்பு.

அம்பத்தூர்க்காரன், அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா? பேசுமா?

அம்பத்தூர்க்காரன்:
ஆண்தான். அலகுக்கு மேலே மூக்குப் பகுதி இப்போது நல்ல நீலம், பெண்ணென்றால் பழுப்பாகியிருக்கும் (சிவப்புக் கண் உள்ள வெள்ளை, மஞ்சள் ரகத்தில் இந்தக் கணக்கு சரிப்படாது). பேச்சு ஒன்றே ஒன்றுதான். அம்மா என்னைக் கூப்பிடுவதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆபீஸ் கிளம்பும் நேரம் பார்த்து "டேய் சாப்ட்டியா" என்கிறது.