32 கோர் திரெட்ரிப்பர் வாங்கியும் கணக்கீட்டு நேரம் குறையவில்லை: எங்கே தவறு?

கோவை இம்பெல்லர் எழுதியது:

வணக்கம். கோயம்புத்தூரில் சிறு பம்ப் நிறுவனங்களுக்கு இம்பெல்லரும் (நீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம்) வால்யூட்டும் (அதைச் சூழ்ந்த சுருள் வடிவக் கூடு) வடிவமைத்துக் கொடுக்கும் வேலையை நானும் என் கூட்டாளியுமாகச் செய்து வருகிறோம். நீரோட்டக் கணக்கீட்டுக்கு லினக்ஸில் ஓப்பன்ஃபோம் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். இதுவரை 16 கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) கொண்ட ரைசன் 9 7950எக்ஸ் செயலியில்தான் எல்லாம் ஓடியது. நாங்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மெஷ், அதாவது நீர் ஓடும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலை, 1 கோடியே 20 லட்சம் செல்கள் கொண்டது. அதில் 3000 இட்டரேஷன் (திரும்பத் திரும்பக் கணக்கிடும் சுற்று) முடிய அந்தக் கணினிக்கு 4 மணி 50 நிமிடம் ஆகும். ஒரு பம்ப்புக்கு ஐந்தாறு நீரளவுகளிலாவது கணக்குப் போட வேண்டும் என்பதால், வடிவத்தில் சிறிய மாற்றம் செய்தாலும் அதன் விளைவைப் பார்க்க ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும்.

16 கோருக்கு இவ்வளவு நேரம் என்றால் 32 கோருக்கு அதில் பாதிதானே என்று எண்ணி, சென்ற மாதம் திரெட்ரிப்பர் 7970எக்ஸ் செயலியும் டிஆர்எக்ஸ்50 மதர்போர்டும் 128 ஜிபி ரேமும் கொண்ட கணினியை ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கினோம். அதே மெஷ், அதே அமைப்பு. ஆனால் 4 மணி 25 நிமிடம் ஆகிறது. செயலிக்கு மட்டுமே மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுத்து 25 நிமிடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறோம். கணக்கு ஓடும்போது 32 கோரும் நூறு சதவீதம் வேலை செய்வதாகவே திரையில் காட்டுகிறது. கோருக்கு இரண்டு வீதம் 64 திரெட்டையும் பயன்படுத்திப் பார்த்தேன், நேரம் இன்னும் கூடியது. செயலியே பழுதானதா, அல்லது நான் எதையாவது தவறாக அமைத்திருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய சர்வர் எழுதியது:

செயலி பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று விவரங்கள் வேண்டும். கணக்கு ஓடும்போது கோர்களின் கடிகார வேகம் எவ்வளவு, செயலியின் வெப்பநிலை எவ்வளவு என்பது முதலாவது. 350 வாட் செயலிக்குப் போதாத கூலரை மாட்டிவிட்டிருந்தால் வேகம் இறங்கிவிடும். இரண்டாவது, அந்த 128 ஜிபி ரேம் எத்தனை பட்டைகளாக இருக்கிறது, எந்தெந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதைப் பக்கத்து மூடியைக் கழற்றி நேரில் பார்த்தே சொல்லுங்கள். மூன்றாவது, அதே மெஷ்ஷை ஒரு கோருக்கு ஒரு பகுதி வீதம் 4, 8, 16, 32 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது இட்டரேஷன் ஓடவிட்டு, ஓர் இட்டரேஷனுக்கு எத்தனை விநாடி என்று குறித்துப் போடுங்கள்.

கோவை இம்பெல்லர் எழுதியது:

எல்லாக் கோர்களும் 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலேயே நிற்கின்றன. வெப்பநிலை 78 டிகிரியைத் தாண்டவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மதர்போர்டில் நான்கு ஸ்லாட்டுகள், செயலிக்கு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. இரு பக்கமும் ஒவ்வொன்றில் 64 ஜிபி பட்டை இருக்கிறது. மற்ற இரண்டும் காலி. கடைக்காரர் தந்த ரசீதில் 128 ஜிபி டிடிஆர்5 என்று மட்டுமே இருக்கிறது, பட்டைகளின் எண்ணிக்கையை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஓர் இட்டரேஷனுக்கு ஆன நேரம்: 4 பகுதிகளாகப் பிரித்தபோது 12.6 விநாடி, 8 பகுதிகளில் 7.4, 16 பகுதிகளில் 5.5, 32 பகுதிகளில் 5.3, 64 பகுதிகளில் 5.9. பழைய கணினியில் 16 பகுதிகளுக்கு 5.8 விநாடி.

பழைய சர்வர் எழுதியது:

உங்கள் எண்களே பதிலைச் சொல்லிவிட்டன. நான்கிலிருந்து எட்டுக்குப் போகும்போது நேரம் நன்றாகக் குறைகிறது; பதினாறுக்குப் பிறகு ஏறத்தாழ அசையவே இல்லை. கோர் போதாமல் இப்படி ஆகாது, கோருக்குத் தரவு வந்து சேராமல்தான் ஆகும்.

ஓப்பன்ஃபோம் போன்ற நீரோட்டக் கணக்கீடுகளில் ஒவ்வோர் இட்டரேஷனிலும் மெஷ்ஷின் எல்லா செல்களின் அழுத்தமும் திசைவேகமும் ரேமிலிருந்து செயலிக்கு வந்து, சில பெருக்கல் கூட்டல்களுக்குப் பின் மறுபடியும் ரேமுக்கே போகின்றன. ஒரு கோடி செல்களுக்கு மேலான மெஷ் எந்தச் செயலியின் கேஷிலும் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) அடங்காது. ஆகவே வேகத்தை முடிவு செய்வது ரேமிலிருந்து விநாடிக்கு எத்தனை ஜிபி தரவு வர முடியும் என்பதுதான். டிடிஆர்5 5200 வேக ரேமில் ஒரு சேனல் (ரேமுக்கும் செயலிக்கும் இடையிலான தரவுப் பாதை) 64 பிட் அகலம், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். 5200 என்பது விநாடிக்கு 520 கோடி தடவை, அதை 8ஆல் பெருக்கினால் விநாடிக்கு 41.6 ஜிபி. உங்கள் பழைய 7950எக்ஸ் செயலிக்கு இரண்டு சேனல்கள், ஆக 83.2 ஜிபி. 7970எக்ஸ் செயலிக்கு நான்கு சேனல்கள் உண்டு, ஆக 166.4 ஜிபி. ஆனால் உங்கள் மதர்போர்டில் ஒரு சேனலுக்கு ஒரு ஸ்லாட் வீதம் நான்கு இருக்க, பட்டைகள் இரண்டில்தான் இருக்கின்றன. எனவே புதிய கணினிக்கும் அதே 83.2 ஜிபிதான் கிடைக்கிறது. மூன்று மடங்கு விலையுள்ள செயலியைப் பழைய கணினியின் குழாயிலேயே இணைத்துவிட்டார்கள்.

நூறு சதவீதம் காட்டுவதை நம்ப வேண்டாம். ரேமிலிருந்து தரவு வரட்டும் என்று காத்திருக்கும் கோரையும் இயங்குதளம் வேலையில் இருப்பதாகவே கணக்கெழுதும். பந்தியில் 32 பேர் உட்கார்ந்திருக்க, பரிமாற இரண்டே பேர் இருந்தால், இலை முன் இருப்பவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத்தான் வாசலில் நிற்பவருக்குத் தோன்றும். 64 பகுதிகளாகப் பிரித்தபோது நேரம் கூடியதும் இதனால்தான்: கோர் ஒன்றில் இரண்டு திரெட் என்பது புதிதாக இன்னொரு கோர் ஆகாது, அவை ஒரே கேஷுக்கும் ஒரே சேனலுக்கும் போட்டியிடும். இந்த வேலைக்கு உண்மையான கோர் எண்ணிக்கையைத் தாண்டிப் பிரிக்காதீர்கள்.

கோவை இம்பெல்லர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பழைய கணினியில் இரண்டு டிடிஆர்5 பட்டைகள் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிக் காலி ஸ்லாட்டுகளில் போட்டுப் பார்க்கலாமா?

பழைய சர்வர் எழுதியது:

கூடாது, முயலவும் வேண்டாம். திரெட்ரிப்பர் 7000 வரிசை ரிஜிஸ்டர்டு ரேமை (பெரும்பாலும் சர்வர்களில் இருக்கும் வகை) மட்டுமே ஏற்கும். உங்கள் பழைய கணினியில் இருப்பது சாதாரண ரேம். டிடிஆர்5இல் இவ்விரண்டுக்கும் மின்சாரம் வரும் அளவே வேறு, முன்னதற்கு 12 வோல்ட், பின்னதற்கு 5 வோல்ட். பட்டையின் வெட்டும் வேறிடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். இப்போதுள்ள பட்டையின் ஸ்டிக்கரைப் படமெடுத்து, அதே தயாரிப்பு எண் கொண்ட இரண்டை வாங்குங்கள். விலை உறுத்தும், ஆனாலும் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த பணம் வேலை செய்யத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

பட்டைகளைப் போட்டு முதல்முறை ஆன் செய்யும்போது, ரேமைச் சோதித்துப் பழகிக்கொள்ள மதர்போர்டு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள்.

வரைபட மேசை எழுதியது:

இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மதுரையில் கட்டட உள்வடிவமைப்புக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து தருகிறேன். பகலெல்லாம் மாடலிங், இரவில் அவற்றை முழுப் படமாக்கும் ரெண்டரிங், வாரத்துக்கு ஒன்றிரண்டு வீடியோ எடிட்டிங். எனக்கும் திரெட்ரிப்பரே பரிந்துரைக்கப்பட்டது. இந்த இழையைப் படித்த பின் தயக்கமாக இருக்கிறது. என் போன்றவர்களுக்கு அது தேவைதானா?

பழைய சர்வர் எழுதியது:

அம்மா, எதைக் கொண்டு ரெண்டர் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்கிறீர்கள் என்றால், செயலிக்குக் கொடுக்கவிருக்கும் பணத்தைக் கூடுதல் நினைவகமுள்ள கார்டுக்குக் கொடுங்கள். செயலியில்தான் ரெண்டர் என்றால், கோருக்கு ஏற்ப நேரம் குறைகின்ற வேலைகளில் ரெண்டரிங்குக்கே முதலிடம். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கோரும் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடும், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருப்பது மிகக் குறைவு. அங்கே 32 கோர் உண்மையாகவே 32 கோராக வேலை செய்யும், 64 கோரும் வீணாகாது. லினக்ஸ் கெர்னல், ஆண்ட்ராய்டு போன்ற பெரிய மூலநிரல்களைத் தினமும் கம்பைல் செய்பவர்களும் இந்த வகையினர்தான்.

ஆனால் பகலெல்லாம் மாடலிங் என்கிறீர்களே, அங்குதான் கவனிக்க வேண்டும். வடிவத்தைத் திருத்தும்போது மென்பொருள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். 7970எக்ஸ் உச்சமாக 5.3 ஜிகாஹெர்ட்ஸ் போகும், 7950எக்ஸ் 5.7 போகும். அதாவது விலை குறைந்த செயலியில்தான் உங்கள் பகல் வேலை சற்று விரைவாக இருக்கும். வீடியோ எடிட்டிங்குக்கும் 16 கோரும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் தாராளம்.

இதற்கொரு கணக்கு உண்டு. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வந்தது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், 16 கோர் அதை 6.4 மடங்குதான் விரைவாக்கும். 32 கோர் 7.8 மடங்கு, 64 கோர் 8.8 மடங்கு, எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது. விற்பவர்கள் 16ஐயும் 64ஐயும் சொல்வார்கள், 6.4ஐயும் 8.8ஐயும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வகையினர் இருக்கிறார்கள். கோர் குறைவாக இருந்தாலும் கவலைப்படாமல், மதர்போர்டின் ஸ்லாட்டுகளுக்காகவே திரெட்ரிப்பரை வாங்குபவர்கள். மூன்று நான்கு கிராபிக்ஸ் கார்டு, வேகமான நெட்வொர்க் கார்டு, பல எஸ்எஸ்டிகள் என்று மாட்ட வேண்டியவருக்கு 7950எக்ஸ் தரும் 24 பிசிஐஇ லேன்கள் (கார்டுகளைச் செயலியுடன் இணைக்கும் பாதைகள்) முதல் கார்டுக்கும் ஓரிரு எஸ்எஸ்டிக்குமே தீர்ந்துவிடும்.

உரிமக் கணக்கு எழுதியது:

நான் அன்சிஸ் என்ற பொறியியல் கணக்கீட்டு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை: அடிப்படை உரிமத்தில் 4 கோர்தான் ஓடும், ஒரு கூடுதல் தொகுப்பு வாங்கினால் இன்னும் 8, ஆக 12. இரண்டு தொகுப்புகள் இருந்தால் 36. எங்களிடம் இருப்பது ஒன்றுதான். இந்த நிலையில் 32 கோர் வாங்கினால் 20 கோர் சும்மா உட்கார்ந்திருக்கும். அப்படியானால் சாதாரண டெஸ்க்டாப் செயலியே போதும் அல்லவா?

பழைய சர்வர் எழுதியது:

கோருக்குப் போதும், சேனலுக்குப் போதாது. கோவை நண்பரின் எண்களைத் திரும்பப் பாருங்கள்: இரண்டு சேனல்களில் எட்டு கோரைத் தாண்டியதுமே மூச்சு வாங்கத் தொடங்குகிறது. உரிமம் கோருக்குத்தான் பணம் கேட்கிறது, சேனலுக்குக் கேட்பதில்லை. ஆகவே உங்களுக்கு ஏற்றது கோர் குறைவாகவும் சேனல் கூடுதலாகவும் உள்ள செயலி. 2023இல் வந்த இன்டெல் ஜியான் டபிள்யூ5-2455எக்ஸ் 12 கோர்தான், ஆனால் டிடிஆர்5 4800இல் நான்கு சேனல்கள், அதாவது 153.6 ஜிபி. கொடுத்த உரிமப் பணத்தை முழுதாகப் பயன்படுத்தும் கணினி அதுபோன்றதுதான்.

சேனலை மறந்து கோரை எண்ணுவது இன்று நேற்றைய பிழையன்று. 2018இல் வந்த 32 கோர் திரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸ் செயலிக்குள் நான்கு சில்லுகள் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு ரேமுடன் நேரடித் தொடர்பே கிடையாது, பக்கத்துச் சில்லின் வழியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். ரெண்டரிங்கில் அது கொடிகட்டிப் பறந்தது, ரேமை நம்பிய வேலைகளில் தடுமாறியது.

கோவை இம்பெல்லர் எழுதியது:

பன்னிரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன். அதே எண் கொண்ட பட்டைகள் வந்து சேர அவ்வளவு நாளாகிவிட்டது. நேற்று மாலை இரண்டையும் பொருத்தினேன். தாங்கள் எச்சரித்திருந்தும், ஆன் செய்தபின் திரை கறுப்பாக நின்ற ஆறு நிமிடங்களில் என் கூட்டாளி இருமுறை சுவிட்சில் கை வைத்தார், நான் இருமுறையும் எடுத்துவிட்டேன். பிறகு தானாகவே உயிர் வந்தது. நான்கு ஸ்லாட்டுகளிலும் பட்டை இருப்பதாக டிஎம்ஐடிகோட் கட்டளையும் காட்டுகிறது, வேகம் 5200.

அதே மெஷ்ஷில் ஓர் இட்டரேஷனுக்கு 16 பகுதிகளில் 3.2 விநாடி, 24 பகுதிகளில் 2.9, 32 பகுதிகளில் 2.8. இரவு முழுக் கணக்கையும் ஓடவிட்டேன்: 2 மணி 20 நிமிடம்.

ஒன்று மட்டும் மனத்தை அரிக்கிறது. 24க்கும் 32க்கும் இடையே இருப்பது 0.1 விநாடி. அப்படியானால் 24 கோர் கொண்ட 7960எக்ஸ் எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும் அல்லவா?

பழைய சர்வர் எழுதியது:

ஆம். அதற்கும் இதே மதர்போர்டு, இதே நான்கு சேனல்கள், கேஷும் அதே 128 எம்பி. 2023இல் அது 1499 டாலருக்கும் உங்களுடையது 2499 டாலருக்கும் வெளிவந்தன. அந்த ஆயிரம் டாலர் வித்தியாசம் நீங்கள் இப்போது தனியாக வாங்கிய பட்டைகளின் செலவுக்கு உதவியிருக்கும். உங்கள் கூட்டாளியிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

வரைபட மேசை எழுதியது:

நான் 16 கோரிலேயே நின்றுவிட்டேன். மிச்சப் பணத்துக்கு 24 ஜிபி கிராபிக்ஸ் கார்டு சொல்லியாயிற்று. ரசீதில் ரேம் பட்டை எத்தனை என்று எண்ணிக்கையுடன் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார், ஆனாலும் எழுதித் தந்தார்.