ஊரே சண்டை போட்ட நாவல்களைப் படித்த அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

நம் கொங்குப் பக்கத்து நாவல்களில் பேச்சு வாங்கியவை நிறைய. அவற்றை முழுசாகப் படித்தவர்கள் இங்கே எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பதோடு, படிக்கும்போது வீட்டில், பஸ்ஸில், காலேஜில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

சங்ககிரி, கல்லூரி மாணவி

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பற்றி எங்கள் பக்கத்தில் கருத்து இல்லாத ஆளே கிடையாது. முழுசாகப் படித்த ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் திருச்செங்கோட்டு மலை தெரியும். 2014 டிசம்பரில் அங்கே அந்தப் புத்தகத்தை எரித்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். அடுத்த மாதம் கடையடைப்பு, நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை, அதன்பின் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே போட்ட அறிவிப்பு. இதெல்லாம் பெரியவர்கள் பேசிக் கேட்டதுதான். புத்தகத்தைக் கையில் எடுத்தது காலேஜில் சேர்ந்த பிறகு. பையில் பார்த்த ஆசிரியர் ஒருவர், "இதையெல்லாம் இங்கே கொண்டுவராதம்மா" என்றார். நீங்கள் படித்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

நாவல் வந்தது 2010-இல். நாலு வருசம் அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அப்புறம் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்கு முந்திய காலத்தில் நடக்கும் கதை. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயிலின் வைகாசித் தேர்நோம்பியில், அதாவது தேர்த் திருவிழாவில், பதினாலாம் நாள் இரவு கூட்டத்தில் இருக்கிற ஆண்கள் எல்லாரும் சாமிதான், குழந்தையில்லாத பெண் அங்கே போய்ப் பிள்ளை வரம் வாங்கி வரலாம் என்று நாவலில் ஒரு நம்பிக்கை வருகிறது. சண்டை அந்த இடத்துக்குத்தான். அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்ததா என்று இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. நாவலில் பிள்ளையில்லாமல் இருக்கிற பொன்னா அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறாள் என்பதை ஏன் ஒருத்தரும் பேசவில்லை? அவளாகக் கிளம்பிப் போகவில்லை. புருசன் காளி சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். சொல்வது அவள் கூடப்பிறந்த முத்து, காளிக்கு உயிர்ச் சிநேகிதன். அவளைப் பெற்ற அம்மாவுக்கும் மாமியாருக்கும் இதில் சம்மதம். குடும்பமே கூடி அவளை ஏமாற்றுகிறது, அவள் நல்லதுக்கென்றே செய்வதாக நினைத்து. நாவலில் என்னைத் தூங்கவிடாத இடம் அதுதான். ஊர்ப் பெண்களின் மானம் போச்சு என்று கத்தியவர்களில் யாராவது பொன்னாவுக்காக ஒரு வார்த்தை பேசினார்களா?

இன்னொரு இடம், வறடிக்கல். மலை உச்சியில் இருக்கிற அந்தப் பாறையைப் பிள்ளையில்லாத பொம்பளைகள் சுற்றி வர வேண்டும். கால் பிசகினால் கீழே பாதாளம். பொன்னா சுற்றுகிறாள். படிக்கும்போது எனக்கு என் பெரியம்மாதான் கண்ணுக்குள் வந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. சொந்தத்தில் யார் வீட்டுச் சீர் என்றாலும், ஆரத்தி சுற்ற ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கும் முன்பே எழுந்து பந்தி பக்கம் போய்விடுவார். கேட்டால், "அங்க எல போட ஆளில்ல கண்ணு" என்பார். எல்லா விசேசத்திலும் இதுதான். பந்தியில் நிஜமாகவே ஆள் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம்.

பெரியம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். பகலில் தறி ஓட்டிவிட்டு ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தப் பூவரச மரத்தப் பத்தி எழுதியிருக்கறது நல்லா இருக்குது. உங்க பெரியப்பனும் கலியாணமான புதுசுல ஒரு வேம்பு வெச்சாங்க" என்றார். நாவல் ஆரம்பிப்பதே காளி வைத்த பூவரசு பூத்து நிற்பதில்தான். மற்றதைப் பற்றிப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான வழக்கைத் தள்ளி, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று தீர்ப்பு முடித்தது பலருக்கும் தெரியும். இதற்குத் தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள் இருப்பது தெரியாதவர்கள் நிறைய. காளி செத்துப்போனால் என்ன ஆகும் என்பது 'ஆலவாயன்', பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது 'அர்த்தநாரி'. எனக்கு 'ஆலவாயன்' ஒரு படி மேல். பொன்னா, அம்மா, மாமியார் என்று மூன்று பொம்பளைகள் ஒரே இடத்தில் இருந்துகொண்டு காட்டையும் மாட்டையும் பார்க்கிறார்கள். ஒருத்தியை ஒருத்தி மன்னிக்கவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் இருப்பதை அவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார். 'அர்த்தநாரி'யில் காளியின் கோபம் நீண்டுகொண்டே போகிறது. நியாயமான கோபம்தான் என்றாலும் எனக்குப் பாதியில் அலுத்துவிட்டது.

சரி, அவரே எழுதிய 'பூக்குழி'. குமரேசன் சோடா விற்கிற பையன், சரோஜா வேறு சாதிப் பெண். கலியாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். மாமியார் மாராயி பேசுகிற பேச்சைப் படிக்கையில், இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்கு உடம்பு கூசியது. கேட்டது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். சாதி மாறிக் கலியாணம் செய்து செத்துப்போன தலித் இளைஞர் தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்ட நாவல் இது. ஊர் மானத்தைக் கெடுத்ததாக ஒரு புத்தகத்துக்காக 2015 ஜனவரியில் கடையடைத்த ஊர் திருச்செங்கோடு. அதே வருசம் ஜூனில், அதே அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு வேறு சாதித் தோழியோடு போன தலித் இளைஞர் கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022-இல் மதுரையில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 'பூக்குழி'யை மிகைப்படுத்தி எழுதியிருக்கிறார் என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. என் வகுப்புத் தோழிகள் பாதிப்பேர் போனில் தொடர்கதை படிக்கிறார்கள். ஆன்டி ஹீரோ கதைகள். நாயகன் அவளைத் தூக்கிக்கொண்டு போவான், மிரட்டித் தாலி கட்டுவான், அடிப்பான், அப்புறம் அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டம் தெரிந்து அவள் உருகுவாள். லட்சக்கணக்கில் படிக்கப்படுகிறது. இதற்கு ஒரு எதிர்ப்பும் வருவதில்லை. பெண்ணை ஏமாற்றுவது தப்பு என்று உணர வைக்கிற நாவலை எரிக்கிறார்கள், தூக்கிப் போவதுதான் காதல் என்கிற கதை வீட்டுக்கு வீடு ஓடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

பெருந்துறைப் பக்கம்

தங்கச்சி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000-இல் வந்தது. அதற்குச் சர்ச்சை எதுவும் வரவில்லை, வந்திருக்க வேண்டிய நாவல் அதுதான்.

பண்ணையத்தில் வருசக் கூலிக்கு ஆடு மேய்க்கிற அருந்ததியர் பிள்ளைகளின் கதை. கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி என்று அந்தப் பேர்களைப் படித்ததுமே எனக்குத் தொண்டையை அடைத்தது. என் தாத்தாவும் சின்ன வயதில் ஒரு தோட்டத்தில் பட்டியில் படுத்து ஆடு காத்தவர். நாவலை நான் சத்தமாக வாசிக்க, தாத்தா கட்டிலில் படுத்தபடி கேட்டார். பிள்ளைகள் கிணற்றில் குதித்து நீந்துவது, பனங்காய் தின்பது, ஆடுகளுக்குப் பேர் வைத்துப் பேசுவது எல்லாவற்றுக்கும் சிரித்தார். நடுவில் நிறுத்தி, "வெள்ளாடு அப்படி மேயாது, அவுரு சரியாத்தான் எழுதியிருக்காரு, நீதான் தப்பாப் படிக்கறே" என்று திருத்தினார். நிஜமாகவே ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் படித்திருக்கிறேன்.

தேங்காய் திருடியதற்குக் கூளையனைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிடுகிற இடம் வந்ததும், "போதுஞ் சாமி, நாளைக்குப் படி" என்றார். மறுநாள் அந்த இடத்தைத் தாண்டிப் படிக்கச் சொன்னார். மிச்சத்தை முழுதும் கேட்டார்.

நீங்கள் உங்கள் வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதியது எனக்குப் பெரிய விசயம். எங்கள் ஆட்கள் படித்து அழுவதற்கு மட்டும் இந்த நாவல்கள் எழுதப்படவில்லை. தோட்டத்துக்காரப் பிள்ளைகள் 'கூளமாதாரி'யைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

திருப்பூர், அனுப்பர்பாளையம்

அக்கா, நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நீங்கள் திட்டிய கதைகளைத்தான் நான் படிக்கிறேன். ஓவர்டைம் முடித்து ரூமுக்கு வந்தால் ராத்திரி ஆகிவிடும். அந்த நேரத்தில் வறடிக்கல்லைப் படிக்க எனக்குத் தெம்பு கிடையாது. கதையில் அவன் கடைசியில் அவள் காலில் விழுவான், அதற்காகத்தான் படிப்பது. நிஜத்தில் எவனும் விழுவதில்லை. தாலியை மிரட்டிக் கட்டுவது தப்பென்று எங்களுக்கும் தெரியும். ஆனால் படிக்கிறவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக நினைக்க வேண்டாம். 'பூக்குழி' சின்னப் புத்தகம் என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை படித்துப் பார்க்கிறேன்.

சத்தியமங்கலம்

'சோளகர் தொட்டி'யை யாரும் சொல்லவில்லையே. எங்கள் மலைக்காட்டில் சோளகர் என்கிற பழங்குடிகள் வாழ்கிற தொட்டியின், அதாவது குடியிருப்பின் கதை. எழுதிய ச. பாலமுருகன் மனித உரிமைக்காக வேலை செய்கிற வழக்கறிஞர், 2004-இல் வந்தது. முதல் பாதியில் தொட்டியின் வாழ்க்கை: தேன் எடுப்பது, ராகி விதைப்பது, சாமி கும்பிடுவது. இரண்டாம் பாதியில் வீரப்பனைத் தேடுவதாகச் சொல்லி அதிரடிப்படை உள்ளே வருகிறது. முகாமில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன செய்தார்கள், கரண்ட் எப்படி வைத்தார்கள் என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சில பக்கங்களை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

நான் தாளவாடி பஸ்ஸில் அதைப் படித்துக்கொண்டு போனேன். திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, படிப்பது கஷ்டம்தான், ஆனால் கீழே வைக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எங்க தொட்டியப் பத்திங்களா?" என்றார். எந்த ஊர் என்று அதில் பேர் இல்லைங்க என்றேன். எதைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கேட்டார். அதிரடிப்படை வந்த காலம் என்றேன். கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் பார்த்துவிட்டு, தன் முழங்கையைத் தூக்கிக் காட்டினார். மடங்காமல் நின்றது. "அப்பத்ததுதானுங்க" என்றார். அப்புறம் மழையைப் பற்றியும் ராகி விலையைப் பற்றியும்தான் பேசினோம். காவல்துறையை அசிங்கப்படுத்த எழுதிய நாவல் என்று யாராவது சொன்னால், அவரைத் திம்பம் பஸ்ஸில் ஒரு தரம் ஏறி வரச் சொல்வேன்.

சங்ககிரி, கல்லூரி மாணவி

பெருந்துறை அண்ணா, உங்கள் தாத்தா திருத்தியதைப் படித்துச் சந்தோசமாக இருந்தது. 'கூளமாதாரி' அடுத்த வாரமே எடுக்கிறேன். என் அண்ணனையும் படிக்க வைக்கிறேன்.

திருப்பூர்த் தங்கச்சி, உழைத்துவிட்டு வந்து படிக்கிறவர்களைக் குறைவாக நான் நினைக்கவில்லை. காலில் விழும் இடத்துக்காகப் படிப்பதாகச் சொன்னீர்களே, அது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அந்த இடம் வருவதற்கு முன் அவள் இத்தனை அடி வாங்கியே ஆக வேண்டுமா என்பதில் என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. 'பூக்குழி' சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயிறு போதும். மனசுக்குக் கனமாக இருக்கும், சொல்லிவிட்டேன். அதற்கு முன் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளைப் படியுங்கள். அதுவும் சின்னதுதான். 1942-இல் வந்தது, பேச்செல்லாம் நம் பேச்சு. நாகம்மாள் புருசனை இழந்தவள், தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கொழுந்தனிடம் கேட்கிறாள், ஊர் என்ன பேசினாலும் கெட்டியப்பனோடு பழகுகிறாள். அவளை நல்லவள் என்றும் சொல்லாமல் கெட்டவள் என்றும் சொல்லாமல் கடைசி வரை கொண்டுபோகிறார். எண்பது வருசம் ஆகியும் பங்கு கேட்கிற பெண்ணுக்கு எங்கள் சொந்தத்தில் அதே பேர்தான்.

சத்தியமங்கலத்துக்காரருக்கு: 'சோளகர் தொட்டி' எங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை, வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கையில் இருப்பது தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. நாவிதர் குடும்பங்களின் கதை, காரு மாமா சாவுக்குச் சொந்தமெல்லாம் வந்து சேர்ந்துகொண்டிருக்கிற இடத்தில் இருக்கிறேன். படித்தவர்கள் முடிவை மட்டும் இங்கே சொல்லிவிடாதீர்கள்.