ஸ்டாண்ட்பையிலிருந்து விழித்ததும் இணையத்தை இழக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டி – வழி கூறுங்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். எங்கள் தொலைக்காட்சியுடன் இணைத்துள்ள ஸ்ட்ரீமிங் பெட்டி, இரவு முழுவதும் ஸ்டாண்ட்பையில் இருந்துவிட்டுக் காலையில் விழிக்கும்போது, வைஃபை சிக்னல் முழுமையாகத் தெரிந்தும், இணையம் இல்லை என்றே காட்டுகிறது. மின்னிணைப்பைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடுகிறது. ஆனால் பகலில் தனியாக இருக்கும் என் மாமியாருக்குத் தமிழ் நிகழ்ச்சிகளே துணை. முழங்கால் வலியுடன் அவர் குனிந்து இதைச் செய்வதைக் காணப் பொறுக்கவில்லை.

முதலில் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலிருந்தே பெட்டிக்கு மின்சாரம் கொடுத்திருந்தேன். அத்தகைய துளைகள் பலவும் 0.5 ஆம்பியர் மட்டுமே தருவதால், தனி அடாப்டருக்கு மாற்றினேன். இடையிடையே தானாக அணைந்து எழுவது அத்துடன் நின்றது, இணையச் சிக்கல் நிற்கவில்லை. ரவுட்டர் இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருப்பதால், சுவர்களை எளிதில் ஊடுருவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தற்காலிகமாக வழங்கும் அடையாள எண்ணான ஐபி முகவரியின் தவணைக் காலம், பெட்டி உறங்கும்போது முடிந்துவிட, விழித்தபின்னும் அது பழைய முகவரியையே பற்றிக்கொண்டிருக்கிறது என்பதே என் ஐயம். ரவுட்டர் அமைப்பில் பெட்டியின் மேக் எண்ணுக்கு (கருவியிலேயே பதிந்துள்ள அடையாள எண்) நிலையான முகவரியை ஒதுக்கினால் இது தீருமா, அல்லது சுவரைத் துளைத்து லேன் கேபிள் இழுப்பதுதான் நல்லதா? இதே தொல்லையைத் தீர்த்தவர்கள் தயவுசெய்து செய்முறையுடன் விளக்குங்கள்.