டயர் பஞ்சாயத்து

காலை 7:05

கார்த்தி: ஞாயிறு ரேஸ் ட்ராக்கில் ஓட்டியதில் முன் டயர் இரண்டும் போய்விட்டன. டயர் அளவு 245/40 ஆர்18. தினமும் ஓட்டவும் வேண்டும், வருடத்தில் மூன்று நாள் ட்ராக்குக்கும் வேண்டும். யோக்கோஹாமா அட்வான் ஏ052 டயர் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். சித்தப்பா, சரிதானே?

வசந்தா அத்தை: முடிவு செய்துவிட்டு எதற்கடா கேட்கிறாய்?

அம்மா: டயர் போனது இருக்கட்டும். இரண்டு நாளாக ஸ்டியரிங் கல்லாக இருக்கிறது. திருப்பித் திருப்பித் தோள் வலிக்கிறது. அதை யார் பார்ப்பது?

கார்த்தி: அம்மா, அதெல்லாம் புது டயர் போட்டால் சரியாகிவிடும்.

முரளி சித்தப்பா: டயரைப் படம் எடுத்து அனுப்பு. வெளி விளிம்பு தெரிய வேண்டும்.

கார்த்தி: (படம்)

நந்தினி: ஐயோ, எலி கடித்தது போல இருக்கிறது.

முரளி சித்தப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். வெளி விளிம்பில் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்திருக்கிறது. உள்பக்கத்தில் புது டயரின் ரப்பர் முடிகூட உதிரவில்லை. டயரின் தோளில், அதாவது பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும். வளைவில் டயர் அதன் நுனி வரை சாயலாம், அதைத் தாண்டக் கூடாது. உன் டயரில் அந்தக் குறியே அழிந்துவிட்டது. பக்கச்சுவரில் உருண்டு ஓட்டியிருக்கிறாய். காற்று எவ்வளவு வைத்தாய்?

கார்த்தி: ட்ராக்கில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று அங்கே ஒருவர் சொன்னார். 24 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்தேன்.

முரளி சித்தப்பா: காலையில் டயர் ஆறியிருக்கும்போதா?

கார்த்தி: ஆமாம்.

முரளி சித்தப்பா: அரை உண்மையைக் கேட்டு முழு டயரையும் தொலைத்திருக்கிறாய். ஓட ஓட டயர் சூடாகும், காற்று விரியும். வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். அதனால் குறைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் எப்போது? கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவோடு கிளம்பு. நான்கைந்து சுற்று ஓட்டி, உள்ளே வந்து நின்ற கையோடு அளந்து பார். ஏறியிருப்பதை அப்போது இறக்கு. என் காரில் சூட்டில் 36 என்று வைத்துக்கொள்வேன். முக்கோணத்தைப் பார்த்து ஒன்று கூட்டுவேன், குறைப்பேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடியும் காற்று பிடிக்க வேண்டும். ஆறிய பின் அது பாதாளத்துக்குப் போயிருக்கும்.

கார்த்தி: புரிகிறது. ஆனால் ஏ052?

முரளி சித்தப்பா: நல்ல டயர்தான். பக்கச்சுவரில் ட்ரெட்வேர் 200 என்று இருக்கும், அது தேய்மான எண். 100 என்பது அளவுகோலாக வைத்த டயர். எண் கூடக்கூட மெதுவாகத் தேயும் என்று கணக்கு. ஆனால் அந்த எண்ணைப் போடுவது டயர் கம்பெனியேதான், தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போல. பல அமெச்சூர் போட்டிகளில் 200க்குக் கீழே உள்ள டயர் கூடாது என்று விதி இருக்கிறது. அதற்காகவே 200 என்று பொறித்துக்கொண்டு, பசை போல ஒட்டும் டயர்கள் வரிசையாக வந்தன. ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் எல்லாம் அந்த ரகம்.

கார்த்தி: ஒட்டினால் நல்லதுதானே?

முரளி சித்தப்பா: ட்ராக்கில் நல்லது. அந்த ரப்பரை மாதம் முழுக்கக் கடைக்கும் ஆபீசுக்கும் போய்த் தேய்ப்பாய். சாலையில் கிடக்கும் பொடிக் கல்லையெல்லாம் பொறுக்கி வண்டிக்கு அடியில் அடித்துக்கொண்டே வரும். ஈரச் சாலையில் அது மோசமில்லை. தேங்கிய நீர் வேறு விஷயம். பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்த பின் பள்ளத்தில் நீர் ஒதுங்க இடம் இருக்காது, கார் மிதக்கும்.

அம்மா: மழையில் அந்தக் காரை ஓட்டுவது நான்.

முரளி சித்தப்பா: அதனால்தான் சொல்கிறேன் அண்ணி. இவனுக்கு மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போதும், ட்ரெட்வேர் 300. இல்லையென்றால் கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட், 340. குறை இல்லாமல் இல்லை. பட்டன் ஆழம், அதனால் ட்ராக்கில் ஐந்தாறு சுற்று விரட்டினால் சூடேறி வழவழக்கத் தொடங்கும். அப்போது ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். ஆனால் பிடிப்பு விடுவதற்கு வெகு முன்பே கத்தும். கற்றுக்கொள்கிறவனுக்கு அந்தக் கத்தல்தான் வாத்தியார். ஒட்டும் டயர் கடைசி வரை வாயைத் திறக்காது, விட்டால் சட்டென்று விடும்.

கார்த்தி: எனக்கு அடிப்படை தெரியும் சித்தப்பா. டயர்தான் என்னைப் பின்னுக்கு இழுக்கிறது.

நந்தினி: அன்று மதியம் உன் காரை வாங்கி நானும் ஓட்டினேன். அதே டயர், பிய்ந்த பிறகு. உன்னைவிட 3 விநாடி முன்னால் வந்தேன்.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தா அத்தை: எதை அழித்தான்? நான் படிக்கவில்லையே.

நந்தினி: நான் படித்துவிட்டேன் அம்மா. உனக்கு வேண்டாம்.

நந்தினி: மாமா, தனியாக நான்கு ரிம் வாங்கி 200 டயரை அதில் போட்டு வைத்தால்?

முரளி சித்தப்பா: அதுதான் ஒழுங்கான வழி, மாதாமாதம் போகிறவர்களுக்கு. விடியற்காலையில் ஜாக்கி போட்டு நான்கு சக்கரத்தையும் மாற்றி, நட்டுகளை டார்க் ரென்ச்சில் (அளவோடு முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கி, மாலையில் அசந்து போயிருக்கும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும். மூன்று நாளுக்கு இவன் செய்ய மாட்டான்.

வசந்தா அத்தை: தட்டைக் கழுவவே மாட்டான்.

முரளி சித்தப்பா: கார்த்தி, மிச்சமாகும் தொகையில் அலைன்மென்ட் பார், சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. முன் சக்கரம் இழுக்கும் கார்கள் கம்பெனியிலிருந்து வரும்போது முன் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். வளைவில் கார் சாயும்போது பாரம் முழுக்க வெளி விளிம்பில் விழும். உன் படத்தில் பாதிக் கதை அதுதான். நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது, எவ்வளவு கிடைக்கிறதோ, 2 டிகிரி வரை வை. தினசரி ஓட்டத்தில் உள்விளிம்பு தேயும் என்று பயமுறுத்துவார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது தவறான டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. அதை நேராக வைக்கச் சொல். பிரேக் ஆயிலையும் மாற்று, கொதித்தால் பெடல் தரையைத் தொடும்.

கார்த்தி: சரி, 4எஸ். நான்குமா, முன்னால் இரண்டு மட்டுமா?

முரளி சித்தப்பா: நான்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலந்தால் மழையில் வால் முன்னால் வரும். டயரில் சுமைக் குறி 97, வேகக் குறி ஒய் (Y) என்று இருக்க வேண்டும். கடையில் பக்கச்சுவரின் நான்கு இலக்கத் தேதியைப் பார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

அம்மா: எல்லாம் பேசினீர்கள். என் ஸ்டியரிங்?

முரளி சித்தப்பா: கார்த்தி, ஞாயிறு கிளம்பும் முன் காற்று பிடித்தாய் அல்லவா?

காலை 7:52

முரளி சித்தப்பா: கார்த்தி?

காலை 8:10

கார்த்தி: இப்போதுதான் கீழே போய் அளந்தேன். முன்னால் இரண்டிலும் 23.

அம்மா: இரண்டு நாள் நான் அதில்தான் ஓட்டினேன்.

வசந்தா அத்தை: அண்ணி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி: பம்பு எங்கே அம்மா?

அம்மா: டிக்கியில். நீ வைத்த இடத்தில்.