தண்டனைக்கு முன் விசாரணை: அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் எங்கள் அனுபவங்கள்

ஏழாம் வகுப்பு மாணவனின் அம்மா:

மதியம் துணை முதல்வரிடமிருந்து போன். "உங்கள் மகனுக்கு ஐந்து நாள் சஸ்பென்ஷன், வந்து அழைத்துப் போங்கள்" என்றார். லாக்கர் அறையில் அடிதடி நடந்ததாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அவன் பக்கத்தை அவனிடம் கேட்டீர்களா?" பதில் வரவில்லை. இரண்டு பையன்கள் சொன்னார்கள், அதை வைத்து முடிவு செய்துவிட்டோம் என்றார். "நான் கிளம்பி வருகிறேன். அதற்குள் முடிவை எழுதாதீர்கள், முதலில் அவனிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்தது 1975-இல் வந்த காஸ் எதிர் லோப்பஸ் தீர்ப்பு. ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் சில மாணவர்களை விசாரிக்காமலேயே பத்து நாள் வரை வெளியே அனுப்பியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது. படிப்பு மாநிலச் சட்டம் கொடுத்த உரிமை, பிள்ளையின் நற்பெயரும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது, ஆகவே உரிய நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றது. பத்து நாளுக்குட்பட்ட சஸ்பென்ஷனுக்கு அது கேட்பது மிகக் கொஞ்சம்தான். குற்றச்சாட்டு என்ன என்று சொல்ல வேண்டும். பிள்ளை மறுத்தால் என்ன ஆதாரம் என்று விளக்க வேண்டும். அவன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். சம்பவம் நடந்த சில நிமிடங்களிலேயே, வராந்தாவில் நின்றபடிகூட இதை முடித்துவிடலாம். பிள்ளையால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றால் முதலில் வெளியே அனுப்பிவிட்டுப் பிறகு கூடிய சீக்கிரம் கேட்கலாம். எங்கள் விஷயத்தில் அப்படி எந்த ஆபத்தும் இல்லை. மணிக்கணக்காக அவன் அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

நான் போனதும் அவனை உட்கார வைத்துக் கேட்டார்கள். சண்டையை விலக்கப் போனேன், என்னையும் தள்ளினார்கள், நானும் ஒரு தடவை தள்ளினேன் என்றான். உடற்கல்வி ஆசிரியர் பார்த்ததாகவும் சொன்னான். அவரை அதுவரை யாரும் கேட்கவே இல்லை! கேட்ட பிறகு ஐந்து நாள் ஒரு நாளாகக் குறைந்தது. தள்ளியதற்கு அந்த ஒரு நாள் என்பதை நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.

அப்புறம் பதிவேடு. 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுச் சட்டப்படி பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். அதில் "தாக்கினான்" என்று இருந்தது. ஆசிரியர் சொன்னதோடு அது பொருந்தவில்லை, திருத்துங்கள் என்று எழுத்தில் கேட்டேன், திருத்தினார்கள். கேமரா காட்சி இருந்தால் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பல இடங்களில் பழைய காட்சிகள் தானாக அழிந்துவிடும்.

உயர்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியை:

அக்கா, ஆசிரியர்களுக்கும் இதேதான், ஆனால் அது எல்லா ஆசிரியருக்கும் கிடையாது. அதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன்.

வகுப்பில் ஒரு மாணவியை இழிவாகப் பேசினேன் என்று புகார். சம்பளத்தோடு விடுப்பில் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். நான் முதலில் ஆசிரியர் சங்கப் பிரதிநிதியை அழைத்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை "லௌடர்மில்". அது 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கிளீவ்லாந்துப் பள்ளிகளில் காவலாளியாக இருந்தவரின் வழக்கு அது. நிரந்தரப் பணியில் இருப்பவரை நீக்குவதற்கு முன்பே குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும், ஆதாரத்தை விளக்க வேண்டும், பதில் சொல்ல விட வேண்டும் என்றது நீதிமன்றம். முழு விசாரணை பிறகு நடந்தாலும் இந்தச் சிறிய வாய்ப்பு முன்னாலேயே கிடைக்க வேண்டும்.

கூட்டத்தில் ஓர் அதிகாரி மிகவும் கனிவாக, "ராஜினாமா கொடுத்துவிடுங்கள், பதிவில் எதுவும் வராது" என்றார். விசா பள்ளியோடு கட்டப்பட்டிருக்கும் நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. தானாகவே விலகினால் விசாரணை கேட்கும் உரிமையும் பெரும்பாலும் அதோடு போய்விடும். நான் போடவில்லை. புகாரை எழுத்தில் கேட்டேன். என்றைக்கு, எந்த வகுப்பில், என்ன வார்த்தை? புகாரில் சொன்ன நாளில் அந்த வகுப்பை எடுத்தவர் மாற்று ஆசிரியர். சில வாரங்களில் திரும்பப் பணிக்கு அழைத்தார்கள்.

ஆனால் முதல் வருடத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் கவனியுங்கள். 1972-இல் ராத் வழக்கில், ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த விஸ்கான்சின் கல்லூரி ஆசிரியருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அரசியலமைப்பின்படி காரணமோ விசாரணையோ தரத் தேவையில்லை என்றது நீதிமன்றம். வருட நடுவில் நீக்கினால் கதை வேறு, மீதி ஒப்பந்தக் காலத்துக்கு உங்களுக்கு உரிமை உண்டு. மாநிலச் சட்டமும் சங்க ஒப்பந்தமும் கூடுதலாகத் தரலாம், படித்து வையுங்கள். உரிய நடைமுறை இல்லாமல் அரசு உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம். தனியார் பள்ளியில் அது பொருந்தாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை வைத்துத்தான் பேச முடியும்.

ஆட்டிசம் உள்ள சிறுவனின் அப்பா:

என் மகன் உதவியாளரை அடித்துவிட்டான். ஏற்கெனவே சில நாள் சஸ்பென்ஷனில் இருந்தவன், இதோடு அந்த வருடக் கணக்கு பத்து நாளைத் தாண்டியது. சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளையைத் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வெளியே அனுப்பினாலோ, ஒரே மாதிரி நடத்தைக்காகத் திரும்பத் திரும்ப அனுப்பி மொத்தம் பத்து நாளைத் தாண்டினாலோ, அப்படி முடிவெடுத்த பத்துப் பள்ளி நாளுக்குள் ஒரு கூட்டம் போட வேண்டும். பிள்ளை அப்படி நடந்துகொண்டது அவனுடைய ஆட்டிசம் போன்ற குறைபாட்டால் வந்ததா, திட்டத்தைப் பள்ளி சரியாகச் செயல்படுத்தாததால் வந்ததா என்று அதில் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் பிள்ளை பழைய வகுப்புக்கே திரும்ப வேண்டும். ஆயுதம், போதைப்பொருள், கடும் காயம் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. திட்டத்தில் அவனுக்கு அமைதியான அறையில் இடைவேளை எழுதியிருந்தது, அந்த வாரம் யாரும் கொடுக்கவில்லை. அதைத் தாளில் காட்டினேன், வகுப்புக்குத் திரும்பினான்.

"இன்றைக்குச் சீக்கிரம் அழைத்துப் போங்களேன்" என்று போனில் சொல்வார்கள் பாருங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள். அந்த அரை நாள்களும் பத்து நாள் கணக்கில் சேரக்கூடியவை.

ஊரிலிருந்து புதிதாக வந்த அம்மா:

எனக்கு ஆங்கிலம் வராது. கூட்டத்தில் என் மகளையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவளே எப்படி அவள் மீதான புகாரை எனக்குச் சொல்வாள்? ஒரு தோழி சொல்லித் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தொலைபேசியில் இணைத்தார்கள். காசு வாங்கவில்லை, அது பள்ளியின் பொறுப்பாம். வக்கீல் வைக்க வேண்டுமா அக்கா?

ஏழாம் வகுப்பு மாணவனின் அம்மா:

குறுகிய சஸ்பென்ஷனுக்கு வக்கீல் வைக்கும் உரிமையை நீதிமன்றம் தரவில்லைம்மா, தேவையும் படாது. பள்ளியை விட்டே நீக்குவது என்றால் நடைமுறை பெரியது, அப்போது கட்டாயம் ஒரு வக்கீலைக் கேளுங்கள். இலவசச் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. வந்த கடிதத்தில் மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி இருக்கும். இல்லையென்றால் மாணவர் கையேட்டில் பாருங்கள். அந்தத் தேதியை இன்றைக்கே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.