பெரியம்மா ஏன் அஸ்வெசுமவுக்குப் போடவில்லை?

*குழு: லயத்துச் சொந்தங்கள் (லயம்: தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள்)*

கொழும்புத் தம்பி: பெரியம்மாவுக்கு அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கிற அஸ்வெசும காசு வருகிறதா? யாருமே பேச்சு எடுக்கவில்லையே.

மேல்லயத்து அக்கா: போட்டால்தானே வரும்? கேட்டால் "எனக்கெதுக்குப் பிச்சைக் காசு" என்கிறார்.

சின்னமாமா: அது வாய்ப்பேச்சு. 2023இல் பழைய சமுர்த்தி உதவியை மாற்றி இது வந்தபோது நான்தான் அக்காவைக் கூட்டிப் போனேன். ரெண்டு நாள் அலைச்சல். ரெண்டு நாளும் தோட்டத்தில் பேர் விழவில்லை, நாள் சம்பளம் போச்சு. அப்போது பேருக்கு ஆயிரம் ரூபாய். பஸ் காசு வேறு.

கொழும்புத் தம்பி: ரெண்டு நாள் எதற்கு மாமா?

சின்னமாமா: முதல் நாள் கையில் கொடுத்த ஃபாரம் முழுக்கச் சிங்களம். மறுநாள், பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, ஐடியில் மாரியம்மா, திருத்திக்கொண்டு வா என்றார்கள். அதோடு சரி. நம் மலையகத் தமிழரிடம் 1948இல் பறித்த பிரஜாவுரிமை 2003 சட்டத்தோடுதான் மிச்சப் பேருக்கும் கிடைத்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர். ஆபீஸ் வாசலைக் கண்டாலே செருப்பைக் கழற்றுவார்.

அத்தை: டிவி இருந்தால் வெட்டிவிடுவார்களாமே?

கொழும்புத் தம்பி: ஒரு டிவியை வைத்து முடிவு செய்வதில்லை அத்தை. 22 குறிகாட்டி இருக்கிறது. படிப்பு, சுகம், வருமானம், சொத்து, வீடு, குடும்பத்தில் யார் யார் என்று எல்லாம் பார்ப்பார்கள். 2025இல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000 என்று கூட்டினார்கள். அஸ்வெசும வீட்டில் 70 தாண்டியவருக்குத் தனியாக 5,000. பெரியம்மா வீட்டில் இருக்கிற பாட்டிக்கு 74 ஆச்சே!

அத்தை: கடிதம் வந்தாலும் நம் கைக்கு வரணுமே. லயம் முழுக்க ஒரே முகவரி. தோட்டத்து ஆபீஸில் கிடந்து மங்கிப் போகும்.

மேல்லயத்து அக்கா: இதோ, பெரியம்மாவுடைய ஐடி போட்டோ போடுகிறேன்.

கொழும்புத் தம்பி: ஐயோ, குழுவில் போடாதீங்க அக்கா! எனக்கு மட்டும் அனுப்புங்க.

சின்னமாமா: பெயர் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் ஜே.பி.யிடம் சத்தியக்கடதாசி எடுத்துத் தருகிறேன். புது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று நாளைக்கே கிராம சேவகர் ஜீ.எஸ். ஐயாவிடம் கேட்கிறேன். சும்மா அக்காவை இழுத்துப் போய் இன்னொரு பேரை இழக்க வைக்க மாட்டேன்.

கொழும்புத் தம்பி: போகிற நாளுக்கு உண்டான பேர்க்காசை நான் அனுப்புகிறேன். பாட்டியையும் மறக்காமல் எழுதுங்க.

மேல்லயத்து அக்கா: பெரியம்மா பக்கத்தில்தான் இருக்கிறார். "காசு வேண்டாம். அவனுக்குச் சிங்களம் தெரியும்தானே, அவனையே வந்து கூட்டிப் போகச் சொல்லு" என்கிறார்.

கொழும்புத் தம்பி: வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன்.