செக் எஞ்சின் லைட் எரிந்த பழைய கார்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை 121:
டொயோட்டா 121 கொரோலா. மஞ்சள் லைட் எரிந்தது, ஸ்கேன் பண்ணினால் பி0171 என்ற கோட், காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்று அர்த்தம். முதல் கராஜில் கோட்டைப் பார்த்த கையோடு "ஒட்சிசன் சென்சர் போயிட்டுது" என்றார்கள். பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் சென்சர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், போட்டார்கள், கோட்டை அழித்து அனுப்பினார்கள். தும்முல்லச் சந்தி தாண்டவில்லை, திரும்ப எரிந்தது.

பிறகு தெமட்டகொடையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ். ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. பொனட்டைத் திறந்து, எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ரொட்டிலுக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி மடக்கினார். மேலிருந்து பார்க்க ஒரு குறையும் இல்லாத ஹோஸ், அடிப்பக்க மடிப்பில் வாய் பிளந்தது. என் சுண்டுவிரல் உள்ளே போகும். உள்ளே போகும் காற்றை அளக்கும் எயார் ஃப்ளோ மீற்றரைத் தாண்டிய இடத்தில் காற்று களவாக உள்ளே போகிறது, அது கணினியின் கணக்கில் இல்லை, அதனால் அது கொடுக்கும் பெற்றோல் போதாமல் போகிறது, அதைத்தான் புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் அந்தச் சென்சர் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை சொன்னதைக் கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். கழற்றிய சென்சரை எனக்குத் திருப்பித் தரவும் இல்லை. நல்ல சென்சர், இப்போது எவருடைய காரில் "ரீகண்டிஷன்" என்று ஓடுகிறதோ.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
எனக்கு லைட் எரியாததுதான் பிரச்சினை. நிசான் எஃப்பி15 சன்னி ஒன்று வாங்கப் பார்க்கப் போனேன். 2020இல் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களுக்கு வந்த விலை தெரியும்தானே, 2025இல் திறந்துவிட்ட பிறகும் வரியைப் பார்த்தால் நமக்குப் பழையதுதான் கதி. சாவியை ஓன் பண்ணினால் பற்றரி லைட், ஒயில் லைட் இரண்டும் வருகின்றன, செக் லைட் மட்டும் வரவில்லை. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அது கட்டாயம் எரிய வேண்டும். விற்பவர் "இந்த மொடலுக்கு அது இல்லை தம்பி" என்றார். சரி அண்ணா, எஞ்சின் ஓடும்போது எயார் ஃப்ளோ மீற்றர் பிளக்கை ஒருதரம் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே கழற்றினேன். எஞ்சின் திக்கித் திணறி நிற்கப் பார்க்கிறது, ஸ்டியரிங்குக்கு முன்னால் லைட்டுகள் இருக்கும் மீற்றர் போர்ட்டில் ஒரு சிமிட்டலும் இல்லை. மனுசன் ஒன்றும் பேசவில்லை. என் கை இன்னும் உள்ளே இருக்கும்போதே பொனட்டைச் சாத்த வந்தார்! பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கார் விலைப்பட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வாங்கியவர் இதை வாசித்தால், மீற்றர் போர்ட்டைக் கழற்றிப் பாருங்கள் அண்ணா.

கிருலப்பனை கராஜ்:
121 அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. கராஜ்காரன் எல்லாரும் கள்ளன் என்ற மாதிரி எழுத வேண்டாம். ஒரு மணித்தியாலம் தேடிப் பார்த்துவிட்டு "ஹோஸ் வெடிப்பு, தேடிய கூலி இவ்வளவு" என்று சொன்னால் எத்தனை பேர் தருவீர்கள்? பார்ட்ஸ் மாற்றினால் பேசாமல் தருகிறீர்கள். அதனால்தான் பார்ட்ஸ் மாற்றுகிறார்கள். பிழைதான், ஆனால் அந்தப் பழக்கத்தைப் பழக்கியது யார்?

என் கதை சின்னது. கடும் மழை நாளில் காலி வீதியில் தண்ணீருக்குள்ளால் வந்த ஒரு டொயோட்டா பிரீமியோ, செக் லைட் மினுக்கிக்கொண்டே இரவில் கராஜுக்கு வந்தது. பம்பலப்பிட்டியிலிருந்தே மினுக்குகிறதாம், ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கீழே குனிந்து பார்த்தேன், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் செக்கச் சிவந்து கிடக்கிறது, அதன் வெளிச்சத்தில் தரையில் இருந்த தண்ணீர் தெரிகிறது. பிளக்குக்கு மின் கொடுக்கும் ஒரு கொயிலுக்குள் தண்ணீர் போய் அந்த சிலிண்டர் எரியாமல், பெற்றோல் அப்படியே போய் அங்கே எரிந்திருக்கிறது. ஒரு கொயிலோடு முடிய வேண்டிய செலவு.

எரிந்தபடி இருக்கும் லைட் வேறு, மினுக்கும் லைட் வேறு. மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை, ஓரமாக நிறுத்துங்கள். பி0301, ஒன்றாம் சிலிண்டர் மிஸ்ஃபயர் என்று வந்தால் உடனே கொயில் வாங்க ஓடாதீர்கள். ஒன்றாம் சிலிண்டர் கொயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு ஓடுங்கள், கோட் பி0302 ஆனால் கொயில், ஆகாவிட்டால் பிளக் அல்லது இன்ஜெக்டர். பி0171 வந்தால் ஃபுவல் ட்ரிம்மைப் பாருங்கள், கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐட்லில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது, ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவு. ஐட்லில் சும்மா இருந்து லோட் கொடுக்கும்போது ஏறினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்குப் பிடித்த எயார் ஃப்ளோ மீற்றர். ஸ்கேனர் வைத்திருக்கும் எந்தக் கராஜிலும் இதைப் பார்க்கலாம். கோட் வாசித்த ஆளிடம் ட்ரிம் எவ்வளவு என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெள்ளவத்தை 121:
நான் எல்லாரையும் சொல்லவில்லையே. தெமட்டகொடைக்காரரும் கராஜ்காரர்தான், தேடியதற்குக் கேட்டதைக் கொடுத்தேன், மனம் குளிர்ந்துதான் கொடுத்தேன்.

பழைய சிவிக்:
எனக்கு பி0128, எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்ற கோட். நுவரெலியா ஏறும்போது வெப்ப முள் மேலே போகுமே என்று எல்லாரும் பயப்படுவார்கள், எனக்குக் கீழே இறங்கியது. ஹட்டன் தாண்டிய குளிரில் முள் "சி" எழுத்தில் போய்ப் படுத்துவிட்டது, லைட்டும் வந்தது. மனைவி "எஞ்சின் குளிர்ந்தால் நல்லதுதானே, ஏன் முழிக்கிறீங்கள்?" என்கிறார். கொழும்புக்கு வந்து திறந்தால், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. முன்பு வைத்திருந்தவர் "சூடான நாட்டுக்கு எதற்கு" என்று கழற்றுவித்திருக்கிறார். எஞ்சின் சூடேறாவிட்டால் கணினி இன்னும் குளிர் என்று நினைத்து அதிகமாகப் பெற்றோல் ஊற்றும். இவ்வளவு காலமும் நான் பெற்றோல் விலையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன், ஜப்பான் கார்களில் சிலவற்றோடு அது பேசவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனர் மாட்டும் சொக்கெட் அதே 16 பின்தான். அதில் 4ஆம் பின்னையும் 13ஆம் பின்னையும் வயரால் இணைத்தால் டொயோட்டாவில் லைட்டே கோட்டை மினுக்கிக் காட்டும் என்கிறார்களே?

கிருலப்பனை கராஜ்:
காட்டும். ஆனால் தம்பி, 16ஆம் பின்னில் பற்றரி மின் நேராக நிற்கிறது. இருட்டில் பின் எண்ணப் போகாதீர்கள்.

மருதானை:
புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் பற்றரியைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும், பாஸ் ஆகிவிடலாம். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

பழைய சிவிக்:
அங்கே லைட்டை யார் பார்க்கிறார்கள்? சைலன்ஸருக்குள் குழாயை விட்டு காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கிறார்கள். புது தெர்மோஸ்டாட் வால்வு போட்ட பிறகுதான் எனக்குக் காபன் மொனொக்சைட்டு இறங்கியது. பற்றரியைக் கழற்றினால் ஐட்ல் கெட்டு, ரேடியோவும் களவுப் பூட்டுத் திறக்கும் கோட்டைக் கேட்கும். உங்களிடம் அந்த ரேடியோ கோட் இருக்கிறதா?